பழைய சத்தம்

"என் என்ஜினைக் கெடுத்து வெச்சுட்டியே தம்பி!"

படகுக்காரர் போட்ட கூச்சலில் மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. அந்தப் பழைய பெட்ரோல் என்ஜினோடு நேற்று பூராவும் மல்லுக்கட்டி, ஸ்பார்க் விழும் நேரத்தை, அதாவது இக்னிஷன் டைமிங்கை, கச்சிதமாக வைத்துக் கொடுத்தவன் அவன். பாராட்ட ஆளில்லாததால் தன்னைத் தானே பாராட்டிக்கொண்டு தூங்கப் போயிருந்தான்.

படகில் இறங்கினான். என்ஜின் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு போர்வை சுருட்டிக் கிடந்தது.

"ராத்திரி இங்கயா படுத்தீங்க? வழியில நின்னுபோச்சாண்ணே?"

"நிக்கல. சத்தமே இல்லாம பூனை மாதிரி போச்சு."

"பின்ன என்ன, வீட்ல சண்டையா?"

"சண்டை போட்டாக்கூடப் பரவாயில்லையே" என்றார் படகுக்காரர், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே. அவர் குரலில் தனிமை அப்படியே தெரிந்தது.

மெக்கானிக் என்ஜினை ஓடவிட்டு டைமிங் லைட்டைப் பிடித்துக் காட்டினான். விளக்கு மின்னும்போதெல்லாம், சுற்றுகிற சக்கரத்தில் போட்ட வெள்ளைக் கோடு குறிக்கு நேராக அசையாமல் நின்றது.

"பாருங்க, நூல் பிசகல. இதுல என்ன குறை கண்டீங்க?"

"ஸ்பார்க் லேட்டா வரணும். முன்ன மாதிரி."

"முன்ன திக்கித் திக்கில்ல ஓடுச்சு! பெட்ரோலைக் குடிக்கும், சூடேறும்."

"குடிக்கட்டும். அந்தப் பழைய சத்தம் வராம நான் வீட்டுக்குப் போக முடியாது தம்பி."

மனிதருக்கு மறை கழன்றுவிட்டது என்று மெக்கானிக் முடிவு கட்டினான். ஆனால் வந்ததும் கத்திய மனிதர் இப்போது கெஞ்சிக்கொண்டிருந்தார். ஸ்பார்க்கை அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் போல்ட்டைத் தளர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினான். செய்த வேலையைத் தன் கையாலேயே கெடுப்பது வயிற்றெரிச்சலாக இருந்தது.

படகுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "இன்னும்... இன்னும் துளி..."

டுப்... டுப்... டுப்-டப் என்று என்ஜின் இருமியது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இதான்! முறுக்கிடு. அப்படியே கூட வா, வீடு வரைக்கும் ஓட்டிப் பார்த்துடலாம்."

பொழுது சாய்கிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வீடு தண்ணீரை ஒட்டியே இருந்தது. கரைக்கு இவ்வளவு பக்கத்தில் வீட்டை வைத்துக்கொண்டு இந்த மனிதர் எதற்குப் படகில் படுத்தார் என்று மெக்கானிக்குக்குப் புரியவில்லை. கேட்க வாயெடுப்பதற்குள் கதவு திறந்தது. நரைத்த தலையோடு ஒரு அம்மா கரைக்கு ஓடிவந்தார்.

படகுக்காரர் கயிற்றைக் கட்டிவிட்டுக் கரையேறினார். என்ஜினை மட்டும் அணைக்கவில்லை.

"வந்துட்டீங்களா! எவ்ளோ நேரமா உங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்கேன்!" அந்த அம்மா அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். பிறகு, பயந்தாற்போல் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நேத்து எவனோ ஒரு கிழவன் வந்து, நான்தான் உன் புருஷன்னு சொல்லிக் கதவைத் தட்டினான். உங்க படகுச் சத்தமே கேக்கல... நான் திறப்பேனா?"