காதோரம் நாலு நரை

"இவன் என் கூடப் பிறந்த தம்பி, தங்கச்சி!"

செல்போனை மேஜைமேல் வைத்தவரின் கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. தூங்கிப் பல நாள் ஆன முகம். விரல்கள் நடுங்கின.

திரையில் ஒரு கல்லூரி விளம்பரம். கோட்டு போட்டு, காதோரம் நாலு நரையோடு சிரித்துக்கொண்டிருந்தான் ஒருவன். 'எங்கள் முன்னாள் மாணவர். இன்று வெளிநாட்டில் கப்பல் பொறியாளர்!'

எதிரே உட்கார்ந்திருந்தவள் திரையை உற்றுப் பார்த்தாள். கல்லூரிகளுக்கு இணையதளமும் விளம்பரமும் செய்து கொடுக்கும் அந்தச் சின்ன ஆபீசில், எழுதுவதும் படம் ஒட்டுவதும் அவள் வேலை. அந்தக் கப்பல் பொறியாளருக்குப் பேர் வைத்து ஆளாக்கியதும் அவள்தான். அப்படி ஒருத்தன் உலகத்திலேயே கிடையாது.

"பன்னிரண்டு வருஷம் ஆச்சும்மா. சின்னச் சண்டை, வீட்டை விட்டுப் போயிட்டான். போன வாரம் போனைத் திறந்தா இவன் மூஞ்சி! பதறிப் போய் ஒரு தடவை தொட்டுட்டேன். அதுலேர்ந்து பாட்டுக் கேட்டாலும் வர்றான், செய்தி படிச்சாலும் வர்றான். போற இடமெல்லாம் பின்னாடியே வர்றான்."

ஒருமுறை தொட்டவரை விடாமல் துரத்தும்படி அந்த விளம்பரத்தை அமைத்ததும் அவள்தான். அதற்காக முதலாளி கைகுலுக்கிப் பாராட்டியிருந்தார்.

"உங்க ஆபீஸ் பேரும் விலாசமும் அந்தப் பக்கத்துக்குக் கீழே இருந்துச்சு. அதான் நேரா வந்துட்டேன். எங்கே இருக்கான்? பேரைக்கூட மாத்திக்கிட்டானே. எங்களைப் பத்தி ஏதாவது சொன்னானா?"

"ஒரு நிமிஷம்ணே." உள்ளறைக்குப் போய் முதலாளிக்கு போன் அடித்தாள்.

"வெளிநாட்டுல இருக்கார், விலாசம் தரக் கூடாதுன்னு சொல்லி அனுப்பிடு." முதலாளி கொஞ்சமும் அசரவில்லை. "ஆளே இல்லைன்னு தெரிஞ்சா காலேஜ்காரங்க நம்மைத் துரத்திடுவாங்க. அப்புறம் நீ வீட்டுல உட்கார்ந்து உன் புருஷனுக்குத்தான் விளம்பரம் பண்ணணும்."

அவள் திரும்பி வந்தபோது, அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, போனைக் கண்ணோடு ஒட்டிப் படித்துக்கொண்டிருந்தார்.

"இதென்னம்மா, 'காலேஜ் நீச்சல் அணிக்கு நான்தான் தலைவன்'னு போட்டிருக்கு?" குரல் பிசிறடித்தது. "அவனுக்கு நீச்சல் தெரியாதே! தண்ணின்னாலே ஓடுவான். எப்ப கத்துக்கிட்டான்?"

கல்லூரி புதிதாகக் கட்டிய நீச்சல் குளத்துக்காக அவள் சேர்த்த வரி அது. அதைப் போய் இந்த மனுஷர் எழுத்தெழுத்தாகத் தடவிக்கொண்டிருக்கிறார்.

வேலை போனால் போகட்டும் என்று வாயைத் திறந்தாள்.

"மன்னிச்சிடுங்கண்ணே. உங்க தம்பி அந்தக் காலேஜ்ல படிக்கவே இல்லை. நான் அவரைப் பார்த்ததே இல்லை."

"என்ன சொல்றே?"

"பெரிய ஆளான மாணவர்கள் பத்துப் பேர் வேணும்னாங்க. ஒருத்தர்கூடக் கிடைக்கலை. காலேஜ்லேர்ந்து வந்த பழைய விண்ணப்பங்களைப் புரட்டினேன். விண்ணப்பம் போட்டுட்டு சேராமப் போன பையன் ஒருத்தன், முகம் களையா இருந்துச்சு. எடுத்துக்கிட்டேன்."

கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினாள். ஒரு தட்டு, நரை மறைந்தது. இன்னொரு தட்டு, கோட்டு போனது. கட்டம் போட்ட சட்டையில் ஒரு பையன் மட்டும் மிஞ்சினான். பக்கத்தில் விண்ணப்பத் தேதி. பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தையது.

"அப்ப இந்த நரை?"

"நான் போட்டது."

"கப்பல்?"

"நான் எழுதினது."

"நீச்சல்?" இதைக் கேட்டுவிட்டு அவர் மூச்சே விடவில்லை.

"அதுவும் என் புளுகுதான்ணே."

அவர் நாற்காலியில் தொப்பென்று சாய்ந்தார். கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. அவளால் பார்க்க முடியவில்லை.

"நாலு வார்த்தை நல்லாத் திட்டிடுங்கண்ணே. போலீசுக்கு வேணும்னாலும் போங்க. நானே வந்து சொல்றேன்."

"சேச்சே! போலீசெல்லாம் எதுக்கு?" சட்டென்று எழுந்தார். அவள் தலையில் கை வைத்தார். அந்தக் கை இப்போது நடுங்கவில்லை. "உண்மையைச் சொன்னே பாரு, நீ நல்லா இருப்பே தங்கச்சி. அந்தப் படத்தை மட்டும் எடுத்துடு."

கதவு சாத்திக்கொண்டது. பன்னிரண்டு வருஷ நம்பிக்கையை ஒரே நிமிஷத்தில் கொன்றுவிட்டோமே என்று அவள் தன்னையே நொந்துகொண்டாள். படத்தை எடுக்க மேஜைப் பக்கம் திரும்பியவள், அவருடைய மூக்குக்கண்ணாடி அங்கேயே கிடப்பதைப் பார்த்தாள். எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடினாள்.

கீழ்த் திருப்பத்தில், முதுகைக் காட்டியபடி அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"அடியே, இனிமே நிம்மதியாத் தூங்கு. நாம ஏரியில தள்ளினப்போ அவனுக்கு நீச்சல் தெரியாதுதான்."