கழுகுப் பாறைக்குச் சுற்று வழி

"நேரா கழுகுப் பாறைக்கு விடு. திரும்பக் கூட்டிட்டு வர வேண்டாம். இறக்கிவிட்டுட்டு நீ போயிடு."

பெரியவர் டாக்ஸியின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பெட்டி இல்லை, பை இல்லை. வாடகைக்குப் பேரம்கூடப் பேசவில்லை. டிரைவர் ஹயாத் சிங் வண்டியைக் கிளப்பாமல் கீழே இறங்கினான்.

அந்த மலையூர் டாக்ஸிக்காரர்கள் எல்லோரும் கோலு தேவதா கோயில் மணியைத் தொட்டு ஒரு சத்தியம் செய்திருந்தார்கள். சாமான் இல்லாமல் ஒற்றை ஆளாக வந்து கழுகுப் பாறைக்குப் போகச் சொல்கிறவர்களை நேராகக் கூட்டிப் போகக் கூடாது. பார்க்க வேண்டிய இடம் அது இது என்று ஊரையே சுற்றிக் காட்டிப் பொழுதை ஓட்டிவிட வேண்டும். இருட்டினால் வனக்காவலர் பாறைக்குப் போகும் கேட்டைப் பூட்டிவிடுவார். ஒரு ராத்திரி தாண்டிவிட்டால் பலருக்குப் பாறையிலிருந்து குதித்துச் சாகிற எண்ணம் போய்விடும். அப்படிப் பிழைத்த ஒருவர் இன்றும் வருஷா வருஷம் ஹயாத் சிங்குக்கு மாம்பழம் அனுப்புகிறார்.

அவன் வண்டிக்குப் பின்னால் போய், பாறையருகே டீக்கடை வைத்திருக்கும் பசந்தி அக்காவுக்கு போன் செய்தான்.

"தீதி, ஒரு தனியாள் ஏறியிருக்காரு. என்கிட்டேருந்து தப்பி அங்க வந்துட்டா விட்டுடாத."

"என்னைத் தாண்டி எவன் போவான்? நீ அந்தாளைச் சுத்த வெச்சுக்கிட்டே இரு."

முதலில் ஏரிக்கரையில் நிறுத்தினான்.

"படகுல ஒரு சுத்து போயிட்டு வரலாமா பாபுஜி?"

"எனக்கு எதுக்குய்யா படகு? வண்டியை எடு."

அடுத்து மணிக் கோயில். அதற்கப்புறம் திபெத்தியர் கடைவீதி.

"ஒரு தட்டு மோமோ சாப்பிடுங்க பாபுஜி. வயிறு காலியா இருந்தா மனசு கண்டதையும் நினைக்கும்."

"உன் மோமோவைத் தூக்கிக் குப்பையில போடு! சூரியன் மறையறதுக்குள்ள நான் அங்க இருக்கணும். ஒருத்தரைப் பார்க்கணும்."

"யாரைப் பார்க்கணும் பாபுஜி?"

பெரியவரின் முகம் இறுகிவிட்டது. "அது உனக்கு எதுக்கு?"

பாவிகள், எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள் என்று ஹயாத் சிங் நினைத்துக்கொண்டான். பனிமலை தெரியும் மேட்டுக்கு வண்டியை ஏற்றினான். அங்கே யாருடைய போனிலும் சிக்னல் கிடைக்காது. டயரில் காற்று இல்லை என்று சொல்லி, நன்றாக இருந்த சக்கரத்தைக் கழற்றி மாட்டினான். பெரியவர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அங்குமிங்கும் அலைந்தார்.

"நடந்தே போறேன், வழியைச் சொல்லு!"

"சிறுத்தை திரியுற காடு பாபுஜி. ஏறுங்க, இதோ ஆச்சு."

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியது. பெரியவர் வண்டிக்குள் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். "போச்சு. எல்லாம் போச்சு" என்றார்.

வண்டி கடைவீதியை நோக்கி இறங்கியபோதுதான் ஹயாத் சிங்குக்கு மூச்சு வந்தது. சந்தோஷம் தாங்காமல் சொல்லிவிட்டான்.

"கோவிச்சுக்காதீங்க பாபுஜி. வேணும்னுதான் சுத்தினேன். ராத்திரி எங்க வீட்டுல சாப்பிட்டுத் தூங்குங்க. என்ன கஷ்டமா இருந்தாலும் சாகுறது ஒரு வழியா?"

பெரியவர் நிமிர்ந்தார். "சாகறதா? யாரு, நானா?"

அதற்குள் ஹயாத் சிங்கின் போன் அடித்தது. வளைவுச் சாலை என்பதால் ஸ்பீக்கரில் போட்டான். பசந்தியின் குரல் அழுகையில் உடைந்து வந்தது.

"எத்தனை தடவைடா போடுறது! உன் ஆளு பத்திரமா?"

"பக்கத்துலதான் இருக்காரு தீதி. நீ ஏன் அழற?"

"மத்தியானத்துலேருந்து ஒரு பொண்ணு என் கடையிலயே உக்காந்திருந்தாடா. பெரிய பை, கைக்குழந்தை. தனியாளா இருந்தா அவ மேல ஒரு கண்ணு வெச்சிருப்பேன். குழந்தையோட வந்தவளை எவ சந்தேகப்படுவா? ஒவ்வொரு வண்டி வரும்போதும் எழுந்து எழுந்து பார்த்தா. பொழுது சாஞ்சதும், 'எங்கப்பா என்னை மன்னிக்கலை தீதி, மன்னிச்சிருந்தா வந்திருப்பாரு'ன்னு சொன்னா. கொஞ்சம் பிடிங்கன்னு குழந்தையை என் கையில குடுத்துட்டு ஒரே ஓட்டமா பாறை விளிம்புக்கு ஓடி... ஐயோ, எட்டிப் பிடிக்க முடியலையேடா!"

ஹயாத் சிங்கின் கால் தானாகவே பிரேக்கை மிதித்தது. போனில் குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.

பெரியவர் அவன் தோளைப் பிடித்தார்.

"என் பேரக்குழந்தை... பையனா, பொண்ணான்னு கேளுய்யா. எனக்கு அதுகூடத் தெரியாது."