கிளைமாக்ஸுக்கு முன்னால்

"முடிவு தெரிஞ்ச படத்த எதுக்குடி திரும்பப் பாக்குற?" என்று அப்பா ஒருமுறை அவளைக் கேட்டிருக்கிறார், தொண்டைக் கட்டியை எடுத்ததில் குரல் போவதற்கு முன்னால். கட்டி திரும்ப வந்திருக்கிறது என்று டாக்டர் சொன்ன சாயங்காலம் இது. அவருக்கும் சேர்த்து அவளே படங்களுக்குத் தீர்ப்புச் சொல்கிறாள். "நேத்துப் பாத்த பேய்ப் படம் ஒரே சிரிப்பு. அந்தக் காமெடிப் படந்தான்பா பயமா இருந்துச்சு." அப்பாவின் தோள் குலுங்குகிறது. டிவியின் நீல வெளிச்சம் அவர் கழுத்துத் தழும்பில் ஏறி இறங்குகிறது. திரையில் கதாநாயகன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறான். "கடைசில பொழச்சிருவான்பா," என்கிறாள். சொன்ன பிறகுதான் நினைவு வருகிறது: சின்ன வயதில் இந்தப் படத்துக்கு அவளைத் தூக்கிக்கொண்டு போனவரே அவர்தான். செத்துப்போன கதாநாயகனுக்காக வழியெல்லாம் அழுதவளைத் தேற்றியவரும் அவர்தான். அப்பா டிவியை அணைக்கிறார். ரிமோட்டை அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமலே எழுந்து உள்ளே போகிறார்.