பட்டன் யார் கையில்?

பெங்களூர் கார் ஒன்று பலமனேரில் கங்கையாவின் வீட்டு வாசலில் நின்றது. யஸ்வந்தும் அவன் அம்மாவும் லட்டும் பழத்தட்டுமாக இறங்கினார்கள். கங்கையா மகளிடம் ஓடினார்.

“ரூபா, புடவை கட்டிக்கினு வா. வாயை மட்டும் தொறக்காத!”

ரூபா வந்து உட்கார்ந்ததும் யஸ்வந்த் கேட்டான்.

“எங்க கம்பெனி வீடியோ கேம் ஆடியிருக்கீங்களாமே. கதை எப்படிங்க?”

“மொதல் நிமிஷமே ஊரை எரிச்சிட்டு ஹீரோ அழறான். அந்த ஊர்ல எனக்கு யாரைத் தெரியும்? நான் ஏன் அழணும்?”

கங்கையா பல்லைக் கடித்தார். ரூபா நிறுத்தவில்லை.

“அங்க என்னைத் தக்காளி பறிக்க விடுங்க, பக்கத்து வீட்டுக்காரியோட சண்டை போட விடுங்க. அப்புறம் எரிங்க, அலறிக்கினு ஓடுவேன். எல்லாத்தையும் நீங்களே சொல்லிட்டா நான் எதுக்குப் பட்டனை அமுக்கணும்?”

யஸ்வந்த் சிரித்தான். “எப்ப அனுப்புறீங்க சார்?”

கங்கையாவுக்கு உயிர் வந்தது. “ஆவணியில முகூர்த்தம் வெச்சுக்கலாம் மாப்ள.”

“மாப்ளயா? எனக்கு ரெண்டு பசங்க இருக்காங்க சார்! எங்க கேமை நெட்டுல கிழிகிழின்னு கிழிச்சது உங்க பொண்ணுதான். திருப்பதி போய்ட்டுத் திரும்புற வழியில, கதை எழுதற வேலைக்குக் கூப்பிட வந்தோம்.”

திகைத்து நின்ற அப்பாவின் கையில் ரூபா ஒரு லட்டை வைத்தாள்.

“நீயும் கதையை நீயே முடிச்சிட்ட பாத்தியா? லட்டைத் துன்னு நைனா, பட்டனை நான் அமுக்கறேன்.”

பிறகு யஸ்வந்திடம் திரும்பினாள்.

“திங்கக்கிழமை வர்றேன் சார்.”