கறுப்புக் கோடு

முயலின் இரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்பொருள், அதாவது ஆன்டிபாடி, அது. சோதிக்கும் மாதிரியில் குறிப்பிட்ட ஒரு நொதி இருந்தால் மட்டுமே அது போய் ஒட்டி, பிலிமில் கறுப்புக் கோடு விழவேண்டும். அந்த நொதியே இல்லாத எலியின் மாதிரியிலும் கோடு விழுவதை ஆய்வு மாணவி பெனிட்டா மூன்றாவது முறையாகக் காட்டியபோது பேராசிரியர் சீறினார்.

"இந்தக் கோட்டை வெச்சுத்தான் நான் இவ்வளவு பேப்பர் போட்டிருக்கேன். உன் கைதான் சரியில்ல. போ, மறுபடி செய்."

செய்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரே ஒரு மாதிரியை வைத்து. அதே இடத்தில் கோடு தடிமனாக விழுந்தது. பேராசிரியர் பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"பாத்தியா, எவ்வளவு சுத்தமா வந்திருக்கு! எந்த எலி இது?"

"எலி இல்ல சார். நீங்க மத்தியானம் சோத்துல ஊத்திக்கிட்ட கேன்டீன் தயிர்."