வரப்பில் நின்றவர் சொன்னது

தான் ஒரு செடியைக்கூடக் கொன்றதில்லை என்று களைக்கொத்துக்கு ஏகப் பெருமை. நிலக்கடலைக் காட்டில் தானாக முளைத்த கீரையைக் கொத்தும்போதும் நெஞ்சு நிமிர்த்தித்தான் கொத்தும்.

"அண்ணே, நானும் செடிதானே?" என்று கீரை கதறியது.

"நீ களை."

"யாரு சொன்னா?"

"வரப்புல நிக்கிறவர் சொன்னார். சொன்னா சொன்னதுதான்."

பக்கத்தில் நின்ற கடலைச்செடி இலையைத் தட்டி ஆர்ப்பரித்தது. "வேரோட எடுங்கண்ணே! எங்க மண்ணுல இதுக்கென்ன வேலை?"

அடுத்த போகத்தில் காட்டுக்காரர் அந்த நிலம் முழுக்கக் கீரை விதைத்தார். போன அறுவடையில் மண்ணுக்குள் தங்கிவிட்ட கடலை ஒன்று கீரைக்கு நடுவே முளைவிட்டது. களைக்கொத்து வருவதைப் பார்த்ததும் அதற்கு ஒரே சந்தோஷம்.

"மாமா, என்னைத் தெரியுதா? எங்கம்மா உங்க கட்சி!"

களைக்கொத்துக்கு நன்றாகவே தெரிந்தது. ஆனாலும் ஒருமுறை வரப்பைத் திரும்பிப் பார்த்தது. வரப்பில் நின்றவர் கடலையை நோக்கி விரலை நீட்டினார்.

சாயங்காலம் களைக்கொத்தைக் கழுவிச் சுவரில் சாத்தியபோது, பக்கத்தில் இருந்த மண்வெட்டி கேட்டது: "இன்னைக்கு எத்தனை செடிப்பா?"

"செடியா?" களைக்கொத்து நெஞ்சை நிமிர்த்தியது. "என் ஆயுசுல ஒரு செடியைத் தொட்டதில்லை. இன்னைக்குப் பூராவும் களைதான்."