பாதிச் சடை

இரவுப் பணி முடித்த நர்ஸ், குளித்த கூந்தலை உலர விரித்துவிட்டபடி பகல் ரயிலில் ஊருக்குக் கிளம்பினாள். வெயிலில் கண் கூசியது. நாலு வருடமாக வெளிநாட்டிலேயே இருக்கும் அக்கா அனுப்பிய கண்பட்டையை மாட்டியதும் அடித்துப்போட்டாற்போல் தூங்கிவிட்டாள்.

விழித்துப் பட்டையைக் கழற்றியபோது பாதிக் கூந்தல் இறுக்கிப் பின்னிய சடையாகத் தோளில் கிடந்தது. மறுபாதி அப்படியே விரிந்திருந்தது. அக்காவின் பின்னல் அவளுக்குத் தெரியாதா? எதிரே இருந்த அம்மாளைக் கேட்டாள்.

"உன் பக்கத்துல யாருமே வரலையேம்மா."

போன் அடித்தது. அக்காதான்.

"நானும் அதே மாதிரி பட்டையைப் போட்டுக்கிட்டு பஸ்ல தூங்கினேன்டி. கனவுல உனக்குச் சடை பின்னிக்கிட்டிருந்தேன். கண்டக்டர் பாதியில எழுப்பிட்டார்."

நர்ஸுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"மறுபடியும் தூங்குக்கா. இந்தத் தடவை ரொம்ப இறுக்காதே."

கண்பட்டையை மாட்டிக்கொண்டு, பக்கத்துக் காலி இருக்கைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.